அழுக்காவதற்கு ஒரு சட்டை

பிள்ளையைப் பற்றிப் பேச வேண்டும், நேரில் வாருங்கள் என்று கிண்டர்கார்டனிலிருந்து அழைப்பு வந்தால் நம் ஊர்ப் பெற்றோர் என்ன நினைப்போம்? யாரையோ கடித்திருப்பாள், தள்ளிவிட்டிருப்பாள், எதையாவது உடைத்திருப்பாள். நானும் மன்னிப்புக் கேட்பதற்கான ஜெர்மன் வாக்கியங்களை டிராமில் மனப்பாடம் செய்துகொண்டே போனேன். நான்கு வயது யாழினியின் ஆசிரியை பிர்கிட், முழங்கால் உயர நாற்காலி ஒன்றில் என்னை உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "உங்கள் மகள் அழுக்காவதே இல்லை."

நன்றி என்றேன். பாராட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். வீட்டில் நாங்கள் அந்த விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பு என்று பெருமையாக ஒரு வரியும் சேர்த்துக்கொண்டேன். பிர்கிட்டின் முகத்தில் கவலை கூடிவிட்டது. கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே காட்டினார். மேசையைச் சுற்றிப் பிள்ளைகள் முழங்கை வரை வண்ணத்தில் ஊறிக்கிடக்க, என் மகள் மட்டும் ஓர் அடி தள்ளி, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மேற்பார்வைக்கு வந்த அதிகாரி மாதிரி நின்றாள். ஆசையாகத்தான் பார்க்கிறாளாம். பக்கத்துப் பிள்ளைக்கு எந்த நிறம் போடலாம் என்று யோசனைகூடச் சொல்கிறாளாம். தூரிகையை நீட்டினால் மட்டும், 'டிரஸ்ஸு, டிரஸ்ஸு' என்று பின்வாங்குகிறாளாம். "டிரஸ்ஸு என்றால் என்ன?" என்று கேட்டார். அது ஒரு பழைய தமிழ்ச் சொல் என்று சொல்லிவைத்தேன்.

இந்த நாட்டில் ஒவ்வோர் அழுக்குக்கும் தனித்தனி உடுப்பு உண்டு. சேற்றில் புரள மாட்ஷ்ஹோஸ என்று ஒரு ரப்பர் கால்சட்டை. வண்ணம் பூச மால்கிட்டல் என்று, முன்பக்கம் மூடி முதுகில் பொத்தான் போட்டுக்கொள்ளும் ஓர் அங்கி. நாளைக்கே கடையில் வாங்கிவிடுகிறேன் என்றேன். பிர்கிட் தலையசைத்து மறுத்தார். வாங்கியதை அவள் பத்திரப்படுத்துவாள். அப்பா கண்ணெதிரே உட்கார்ந்து தைத்தது, தானே பொத்தான் பொறுக்கியது என்றால்தான் அதை அழுக்காக்கத் தனக்கு உரிமை உண்டு என்று தோன்றும் என்றார். விடுமுறைக்கு ஊருக்குப் போகிறோம், எங்கள் தெருவிலேயே தையல்காரர் இருக்கிறார், காபி குடிப்பதற்குள் தைத்துவிடுவார் என்றேன். "இல்லை, நீங்கள்" என்று என் நெஞ்சைச் சுட்டிக் காட்டினார்.

டிரஸ்ஸு என்பது எங்கள் வீட்டில் எத்தனை பெரிய சொல் என்பதை பிர்கிட்டுக்கு எந்த மொழியில் சொல்வது? என் அப்பா திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்றுக்கட்டு சுமந்தவர். வருஷத்தில் பாதி நாள் அவர் கால் சேற்றுக்குள்தான் இருக்கும். ஆனால் அண்ணனும் நானும் பள்ளிக்கூடம் கிளம்பும்போது சட்டையில் ஒரு பொட்டுச் சேறு இருக்கக் கூடாது. ஒருநாள் வாய்க்காலைத் தாண்டும்போது வழுக்கி விழுந்து, அப்படியே வகுப்புக்குப் போனேன். "என்னடா, நேரா வயல்லேர்ந்து வர்றியா?" என்று வாத்தியார் கேட்க, வகுப்பே சிரித்தது. மழை நாள், எல்லார் சட்டையிலும்தான் சேறு இருந்தது. என் சட்டையில் இருந்தது மட்டும் பரம்பரைச் சேறு. அன்று எனக்கு வந்த அவமானத்தை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. அப்பா அந்தச் சட்டையை அவரே துவைத்தார். இன்று அவருக்குச் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் இருக்கிறது, அண்ணன் பார்த்துக்கொள்கிறான். அப்பா வரப்பில் நடப்பதே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில்தான். அந்த வெள்ளையைத்தான் நானும் என் மனைவியும் விமானத்தில் ஏற்றிக் கொண்டுபோய் மகளுக்குப் போட்டிருக்கிறோம்.

மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. யாழினியும் நானும் போய் இறங்கியபோது ஊரில் குறுவை நடவு. எங்கு பார்த்தாலும் இலவசமாகச் சேறு. கிண்டர்கார்டன் விஷயத்தைச் சொன்னதும் அப்பாதான் முதலில் வெடித்தார். "அழுக்காவுறதுக்குன்னு ஒரு சட்டையா? அதுக்கு எதுக்குடா ஏரோப்ளேன் ஏறிப் போன? இங்கயே இருந்திருக்கலாமே!"

அண்ணியிடம் தையல் மெஷின் இருக்கிறது, தெருவுக்கே ஜாக்கெட் தைக்கிறவர். அங்கி தைக்க அண்ணனுடைய பழைய சட்டை ஒன்று வேண்டும் என்று கேட்டேன்.

"பழந்துணியிலயா? அங்க உள்ளவங்க நம்மளப் பத்தி என்ன நெனப்பாங்க தம்பி?" என்று பீரோவைத் திறந்து, கும்பகோணத்தில் எடுத்த புத்தம்புது நீலத் துணியைக் கொண்டுவந்தார். கழுத்தில் ஃப்ரில் வைக்கலாம், பையில் ஜரிகை வைக்கலாம் என்று அடுக்கினார்.

"அழுக்காகப் போற துணி அண்ணி இது."

"இருக்கட்டுமே. அழுக்கானாலும் லெச்சணமா இருக்கணும்ல?"

ஜரிகையை மட்டும் கெஞ்சித் தவிர்த்தேன். வளர்கிற பிள்ளை என்று ஓரத்தில் ஒரு சாண் துணியை உள்ளே மடித்துவிடச் சொன்னார். அதைத் தவிர்க்க முடியவில்லை. நான் மெஷினில் உட்கார்ந்து மிதித்ததும் சக்கரம் பின்பக்கமாகச் சுற்றி நூல் அறுந்தது. கோர்த்து மிதித்தேன், மறுபடி அறுந்தது. அங்கியின் ஒரு கையை உள்வெளியாக வைத்துத் தைத்துப் பிரித்தேன். யாழினி பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, பொத்தான்களை நிறம் வாரியாக அடுக்கி, ஒரு நீலமும் ஒரு சிவப்பும் எடுத்துக் கொடுத்தாள். துணியில் கோடு போடச் சாக்கட்டியை நீட்டினேன். கையில் ஒட்டும் என்று வாங்க மறுத்துவிட்டாள்.

வாசல் பக்கம் ஜன்னல் என்பதால் தெருவே பார்த்தது. மறுநாள் அண்ணி ரேஷன் கடையிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தார். எனக்கு ஜெர்மனியில் வேலை போய்விட்டதாம், அங்கே தையல் கடை போடத்தான் வந்து பழகுகிறேனாம். சாயங்காலம் பக்கத்து வீட்டு சரோஜா அக்கா ஒரு புடவையோடு வந்து நின்றார். "மனசத் தளர விடாதீங்க தம்பி. எந்தத் தொழில்னா என்ன? கையோட இந்த ஃபால்ஸ மட்டும் அடிச்சுக் குடுத்துருங்க." என் சம்பளத்தை எடுத்துச் சொல்லி விளக்கலாமா என்று யோசித்து, அதைவிட ஃபால்ஸ் அடிப்பது சுலபம் என்று அடித்துக் கொடுத்தேன். கோணல்தான்.

கடைசியில் அங்கி முடிந்தது. யாழினிக்குப் போட்டுவிடப் போனேன். "இருங்க, புதுத்துணி" என்று அண்ணி அடுக்களைக்குள் போய், குழைத்த மஞ்சளைக் கிண்ணத்தில் கொண்டுவந்து, அங்கியின் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்தார். யாழினிக்கு மூச்சே நின்றுவிட்டது.

"பெரியம்மா அழுக்காக்கிட்டாங்கப்பா!"

"அழுக்கு இல்லடா கண்ணு, மஞ்ச. புதுசுன்னா வெச்சுத்தான் போடணும்."

யாழினி பொட்டைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள், எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். யாரும் கத்தவில்லை. மெதுவாக ஒரு விரலை நனைத்துப் பக்கத்தில் இன்னொரு பொட்டு வைத்தாள். பிறகு இரண்டு விரல். பிறகு முழுக்கையையும் கிண்ணத்துக்குள் விட்டு, மார்பு, வயிறு, ஃப்ரில் என்று இழுகினாள். "டிரஸ்ஸு" என்று என் வாயில் வந்ததை விழுங்கினேன். கதவோரம் நின்ற அப்பாவால் திட்டவும் முடியவில்லை. மங்கலப் பொருளை யார் திட்டுவது? என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: "அங்க யாரும் கேட்டா மஞ்சன்னு சொல்லிரு. அழுக்குன்னு நெனச்சிறப் போறாங்க." அழுக்காவதற்கென்றே தைத்த சட்டைக்கும் ஒரு சாட்சி தேவைப்பட்டது அவருக்கு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திரும்பி வந்த சில நாட்களிலேயே பிர்கிட் மறுபடி நேரில் வரச் சொன்னார். இப்போது யாழினி முழங்கை வரை வண்ணம் பூசுகிறாள், ரொம்ப மகிழ்ச்சி. ஆனால், என்று இழுத்தார். காலையில் எந்தப் பிள்ளை மேசைக்கு வந்தாலும், மஞ்சள் வண்ணத்தைத் தொட்டு அதன் அங்கி ஓரத்தில் ஒரு பொட்டு வைத்த பிறகுதான் உள்ளே விடுகிறாளாம். பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்களாம். இது ஏதாவது மதச் சடங்கா என்று ஓர் அம்மா கேட்டாராம்.

"இல்லை, புதுத்துணிக்கு வைப்பது" என்றேன்.

"ஆனால் அவையெல்லாம் பழைய துணிகள்" என்றார் பிர்கிட், குறிப்பெடுத்துக்கொண்டே.

அதற்குள் யாழினி என்னைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். விரலில் மஞ்சள் சொட்டியது. என் வெள்ளைச் சட்டையைப் பேன்ட்டிலிருந்து உருவி, நுனியைப் பிடித்தாள். அரை மணியில் எனக்கு ஆபீஸில் மீட்டிங். என் கை தானாகத் தடுக்கப் போனது. அவள் விரல் அந்தரத்தில் நின்றுவிட்டது. என் முகத்தையே பார்த்தாள்.

"வைடா" என்றேன்.

வைத்தாள். தெருவுக்கு வந்து, யாரும் பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, சட்டையை அவசரமாக உள்ளே செருகினேன். மீட்டிங்கில் எல்லார் எதிரிலும் என் சட்டை அப்பாவின் சட்டையைப் போலப் பளிச்சென்று இருந்தது. இடுப்பில் மட்டும் அந்த மஞ்சள் ஈரம், யாருக்கும் தெரியாமல், சில்லென்று ஒட்டிக்கொண்டிருந்தது.