ஜப்பான் ஆன்ட்டி பிரிக்காத பொட்டலம்

ஒன்பது வயதில், உலகத்து வழக்கங்களை எல்லாம் எழுதி முடித்துவிடுவது என்று ஒரு நாற்பது பக்க நோட்டைத் தொடங்கினேன். பள்ளி நூலகத்தில் கிடைத்த ஒரு படப் புத்தகம்தான் காரணம். பல நூறு ஆண்டுகளுக்கு முன் முதன்முதலாக ஜப்பானுக்குக் கப்பலேறிப் போன ஐரோப்பியர்கள், அங்கே எல்லாம் தலைகீழாக இருப்பதைப் பார்த்து வாய் பிளந்த கதை அது. இவர்கள் குதிரையில் இடப்பக்கமாக ஏறினால் அவர்கள் வலப்பக்கமாக ஏறினார்களாம். இவர்கள் பல்லை வெள்ளையாக்கத் தேய்த்தால், அங்கே பெண்கள் மையிட்டுக் கறுப்பாக்கினார்களாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏனென்றால் அந்த ஜப்பானும் அந்த ஐரோப்பாவும் எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் குடியிருந்தன.

சவூதி அரேபியாவில் தம்மாம் நகருக்கு வெளியே, அப்பா வேலை பார்த்த கம்பெனியின் காம்பவுண்டில் எங்கள் வீடு நடுவில் இருந்தது. இடப்பக்கம் ஹாலந்துக் குடும்பம். வலப்பக்கம் அப்பாவின் மேலதிகாரியான ஜப்பான் இன்ஜினியரும் அவர் மனைவியும். அப்பா போட்ட டிராயிங்கில் அவர் கையெழுத்து விழ வேண்டும். அவர் முகம் கொஞ்சம் கோணினாலும் அன்றைக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது.

கப்பலில் போனவர்களுக்கு மாதக்கணக்கில் ஆனது எனக்கு ஒரு சாயங்காலத்தில் முடிந்தது. ஹாலந்து ஆன்ட்டி ஷூ காலோடு கட்டில்வரை போவார். ஜப்பான் ஆன்ட்டி வாசலிலேயே கழற்றுவார். ஹாலந்து அங்கிள் சாப்பாட்டு மேசையில் சங்கு ஊதுவதுபோல மூக்கைச் சிந்துவார். நூடுல்ஸை மட்டும் சத்தமில்லாமல் சாப்பிடுவார். ஜப்பான் அங்கிள் நேர் எதிர். உறிஞ்சுகிற சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். இதை நான் சொன்னதும் அப்பாவுக்கு ஏக சந்தோஷம். அதுவரை ரசத்தைப் பயந்து பயந்து உறிஞ்சியவர், அன்றிலிருந்து கூச்சத்தை விட்டுவிட்டார்.

அந்த வருடம் தீபாவளிக்கு இரண்டு ஆன்ட்டிகளுக்கும் நானே என் கையால் வயர்கூடை பின்னிக் கொடுப்பதாக அறிவித்தேன். திருநெல்வேலியிலிருந்து அத்தை கொண்டுவந்த வயர் கொஞ்சம்தான் இருந்தது. ஒரு மாதம் விரல் கன்றப் பின்னினேன். முதல் கூடை ஒரு பக்கம் சாய்ந்து போனது. அதை ஹாலந்துக்கு ஒதுக்கினேன். சிவப்பும் வெள்ளையுமாகத் திருத்தமாக அமைந்த இரண்டாவது கூடை, அவர்கள் கொடி நிறம் என்பதால் ஜப்பானுக்கு. இரண்டையும் ஜிகினாத்தாளில் சுற்றினேன்.

ஹாலந்து ஆன்ட்டி வாங்கிய வேகத்தில் தாளைக் கிழித்தெறிந்தார். 'ஓ' என்று தெருவே கேட்கக் கத்தினார். இந்தக் கன்னம், அந்தக் கன்னம், மறுபடி இந்தக் கன்னம் என்று மூன்று முத்தம் கொடுத்துவிட்டு, கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடினார். கோணல் கூடைக்கே இந்த வரவேற்பென்றால் நல்ல கூடைக்கு என்ன நடக்குமோ என்று நான் அடுத்த வீட்டுக்குப் பறந்தேன்.

ஜப்பான் ஆன்ட்டி இரண்டு கைகளாலும் பொட்டலத்தை வாங்கினார். குனிந்து வணங்கினார். பிறகு அதைச் சுவரோரத்து மேசையில் அப்படியே வைத்துவிட்டு, எனக்கு ஜூஸ் எடுத்துவர உள்ளே போய்விட்டார். பிரிக்கவில்லை. என்ன இருக்கிறதென்று தடவிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வேண்டாதவர்களுக்கு எதற்கு என் கூடை? பொட்டலத்தை எடுத்துப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அங்கே என் செருப்பை, நான் திரும்பிப் போகும்போது சுலபமாக மாட்டிக்கொள்ளும்படி, வெளியே பார்க்கத் திருப்பி வைத்திருந்தார் ஆன்ட்டி. ஒரே தாவலில் மாட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

வந்ததும் நோட்டில் எழுதினேன்: 'பரிசு. ஹாலந்தில் உடனே பிரிப்பார்கள். ஜப்பானில் பிரிக்கவே மாட்டார்கள். அவர்களுக்கு நம்மைப் பிடிக்காது.'

மறுநாள் மாலை, அப்பா டூட்டி முடிந்து வந்து காப்பி குடிக்கிற நேரத்தில், ஜப்பான் அங்கிளும் ஆன்ட்டியும் விசேஷத்துக்குப் போவதுபோல உடுத்திக்கொண்டு வந்து நின்றார்கள். அப்பா டம்ளரோடு எழுந்தார். இருவரும் இடுப்புவரை குனிந்தார்கள். குழந்தை கொடுத்த பரிசைத் தொலைத்துவிட்டதாகவும், வீடு முழுக்கத் தேடியதாகவும், குப்பைக் கூடையைக்கூடக் கொட்டிப் பார்த்ததாகவும் ஆன்ட்டி உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார். அதற்கு ஈடாக ஒரு பெட்டியை அம்மாவிடம் நீட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, உள்ளே என்ன இருந்தது என்று மட்டுமாவது சொல்ல முடியுமா என்று கேட்டார்.

"கூடை. சிவப்பு, வெள்ளை. நானே பின்னினேன்," என்றேன். ஆன்ட்டியின் கண்கள் நிறைந்துவிட்டன.

அப்படியானால் இவருக்கு வேண்டும்! எனக்கு வந்த குதூகலத்தில் மற்ற எதுவுமே தோன்றவில்லை. உள்ளே ஓடி, அலமாரியிலிருந்து பொட்டலத்தை எடுத்து வந்து, "இதோ இருக்கு! தொலையல!" என்று நீட்டினேன்.

அம்மா முகத்தில் ஈயாடவில்லை. "என்ன காரியம்ட்டி பண்ணிருக்கே? இனி அப்பா எப்டிட்டி அவுக மூஞ்சில முழிப்பாவ?" என்று பல்லைக் கடித்தாள். அப்பா டம்ளரைக் கீழே வைக்கவும் மறந்து மேலதிகாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் ஏன் இப்படிப் பதறுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

ஆன்ட்டி அம்மாவைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். பிறகு தரையில் என் உயரத்துக்கு மண்டியிட்டு உட்கார்ந்து பொட்டலத்தை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

"இப்போதே பிரிக்கலாமா?" என்று கேட்டார். நான் குதித்தேன். "ஹாலந்து ஆன்ட்டி உடனே பிரிச்சு 'ஓ'ன்னு கத்தினாங்க, தலையில கவுத்துகிட்டு ஆடினாங்க!" என்றேன்.

ஒட்டியிருந்த டேப்பை நகத்தால் மெல்ல எடுத்து, தாளை நான்காக மடித்து வைத்துவிட்டு, கூடையை வெளியே எடுத்தார். காது சிவக்க, சிரிக்கும்போதுகூடக் கையால் மூடிக்கொள்ளும் வாயைப் பொத்தாமல், "ஓ!" என்று கத்தினார். சத்தம் ஹாலந்து வீட்டுச் சத்தத்தில் கால்வாசிகூட இல்லை. ஆனாலும் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். அங்கிள் திகைத்துப் போய் மனைவியைப் பார்த்தார், பிறகு சிரித்தார். அவர் சிரித்த பிறகுதான் அப்பாவுக்கு மூச்சு வந்தது.

அவர்கள் போனதும் நோட்டைத் திறந்து, முந்தின நாள் எழுதியதை அடித்தேன். 'ஜப்பானிலும் உடனே பிரிப்பார்கள். கத்துவார்கள். ஹாலந்து மாதிரியேதான்' என்று எழுதி, கண்டுபிடித்த பெருமையில் கீழே இரண்டு கோடு போட்டேன்.

கொடுத்தவர் எதிரில் பரிசைப் பிரிக்காமல் இருப்பதுதான் ஆன்ட்டி வளர்ந்த வீட்டு மரியாதை என்று தெரிய எனக்குப் பல வருடங்கள் ஆயின. எனக்காக அதை அவர் மீறினார் என்பது நோட்டில் இல்லை.