அடுப்பில்லாத புகைபோக்கி

மஞ்சூர் போகும் வழியில் புதிதாகக் கட்டிய ஓர் அரசு அலுவலகத்தின் கூரைமேல் ரோஸ் நிறத்தில் ஒரு புகைபோக்கி. கீழே அடுப்பே கிடையாது, வெறும் அலங்காரம். கழிப்பறைக்குக் கதவு வைக்காதவர்கள் இதற்குக் குடை மாதிரி மூடி வைத்திருந்தார்கள். பார்த்தாலே குமட்டும்.

அங்கே காவலுக்கு இருந்தவர், தேயிலை விலை விழுந்து மூடிய ஃபேக்டரியில் பாய்லர் பார்த்தவர். கம்பளித் தொப்பியைக் கழற்றிவிட்டு, தினமும் அதை அண்ணாந்து பார்ப்பார்.

"இந்தக் கண்றாவியில என்னங்க இருக்குது?" என்றேன்.

"எங்க ஃபேக்டரி புகைபோக்கியைப் பார்த்தா, இன்னிக்காவது புகை வருமான்னு மனசு அடிச்சுக்குதுங்க. இதுல அந்தத் தொல்லை இல்லீங்க."

அதை இடிக்கச் சொல்லி மனுக் கொடுக்கத்தான் அன்று போயிருந்தேன். மனு இன்னும் என் பையிலேயே கிடக்கிறது. புகைபோக்கியைப் பார்த்தால் இன்னும் குமட்டத்தான் செய்கிறது.