பூஜ்யத்தைக் கழித்துவிட்டு விலை சொல்லுங்கள்

மேல்தாடையைத் திருப்பி அதன் அடியில் பென்சிலால் எண்ணூற்றுப் பத்து என்று எழுதினார். கீழ்த்தாடையைத் திருப்பி ஐந்நூற்று நாற்பது என்று எழுதினார். இரண்டையும் மேசையில் எதிரெதிரே நிறுத்தி, கழுத்தில் தொங்கிய உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணுக்கு ஏற்றிக்கொண்டு, ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு உதட்டைப் பிதுக்கினார்.

"எங்கயோ இடிக்குது."

அவர் பல்செட் செய்கிறவர். ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில், தண்ணீர்த் தொட்டிக்கும் பாலிஷ் மோட்டாருக்கும் நடுவே, தலை முதல் கால் வரை வெள்ளைத் தூசியோடு உட்கார்ந்திருப்பார். யாருடைய வாயிலிருந்தோ எடுத்த அளவில் பிளாஸ்டரை ஊற்றினால் தாடை அச்சு வரும். அதன்மேல் பல் கட்ட வேண்டும். வேலை முடிந்ததும் அச்சின் அடியில் தன் கூலியைப் பென்சிலால் எழுதி முன்னறைக்கு அனுப்புவார். வரவேற்பில் இருக்கும் பெண் அதைத் திருப்பிப் பார்த்து, மருத்துவமனையின் பங்கையும் சேர்த்து பில் போடுவாள். ஆனால் இப்போது எழுதியது கூலி அல்ல. மேல்தாடை, லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தைப் போட்டே விற்கிற கணினி. கீழ்த்தாடை, எல்லாக் கடையிலும் குவித்து வைத்திருக்கிற மலிவுக் கணினி. இரண்டையும் கடிக்கவிட்டுப் பார்த்தால்தான் அவருக்கு ஒப்பிட்ட திருப்தி வரும்.

அவருக்குத் தராசு என்று பெயர் வைத்தது அவருடைய மச்சான். வீட்டுக்கு அழைப்பு மணி வாங்கக் கிளம்பிய தராசு, குடியிருப்பின் எல்லா மாடியிலும் ஏறி ஒவ்வொரு வீட்டு மணியையும் அடித்துப் பார்த்தார். கதவைத் திறந்தவர்களிடம், "ஒண்ணுமில்ல, சத்தம் நல்லாருக்கு. என்ன விலைக்கு வாங்கினீங்க?" என்றார். குளித்துக்கொண்டிருந்த ஒருவர் துண்டோடு வந்து விலையைச் சொல்லிவிட்டுப் போனார். இன்றுவரை தராசு வீட்டுக்குப் போகிறவர்கள் கதவைக் கையால்தான் தட்ட வேண்டும். மணி இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

மணி இல்லாமல் குடித்தனம் நடக்கும். கணினி அப்படி இல்லை. அவர் மனைவிக்கு, எத்தனையோ விண்ணப்பங்களுக்குப் பிறகு, வீட்டிலிருந்தே இணையம் வழியாகப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்திருந்தது. மாதிரி வகுப்பை அவள் சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்த கைபேசியில் நடத்தினாள். பாதியில் கைபேசி குப்புற விழுந்தது. பின்னத்தைப் பற்றிய விளக்கம் முழுவதையும் பிள்ளைகள் இருட்டில் கேட்டார்கள். அந்த இணையப் பள்ளி நடத்தும் அம்மா நயமாகத்தான் சொன்னார்: திங்கட்கிழமை முதல் வகுப்பு, ஒழுங்கான கணினியோடு வந்தால் வேலை, இல்லையென்றால் வரிசையில் அடுத்தவர். வீட்டிலிருந்த பழைய கணினியை நம்ப முடியாது. அதைப் போட்டுவிட்டுப் போய்க் குளித்து, தலை துவட்டி, துணியையும் காயப்போட்டுவிட்டு வந்தால் அப்போதுதான் 'வரவேற்கிறோம்' என்று சொல்லும்.

"என்னங்க, ஒண்ணை வாங்கிட்டு வந்துருங்க," என்றாள் அவள். இந்த வீட்டில் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

மச்சான் லினக்ஸ் கட்சி. "அத்தான், லினக்ஸ் சும்மா கிடைக்குது. வைரஸ் தொல்லை கம்மி. கண்ணை மூடிட்டு வாங்குங்க" என்றான். தராசு கண்ணை மூடிக்கொண்டு எதையும் வாங்கியதில்லை. கண்ணைத் திறந்துகொண்டும் அதிகம் வாங்கியதில்லை. விலையைப் பார்த்தார். லினக்ஸ் போட்டே விற்கும் ஒரு சின்ன நிறுவனத்தின் கணினி எண்ணூற்றுப் பத்து டாலர். விண்டோஸ் போட்ட மலிவுக் கணினி ஐந்நூற்று நாற்பது. அன்றைக்குத்தான் அவருடைய தூக்கம் போனது. சும்மா கிடைக்கிற சாமானைப் போட்ட பெட்டிக்கு விலை அதிகம். காசு கொடுத்து வாங்குகிற சாமானைப் போட்ட பெட்டிக்கு விலை கம்மி. உலகத்தில் எந்தக் கடையில் இந்த நியாயம்?

சின்ன நிறுவனத்துக்கே போன் போட்டார். அங்கே ஒரு பையன் பொறுமையாகப் பேசினான்.

"தம்பி, உங்க கம்ப்யூட்டர்ல அந்த லினக்ஸுக்கு மட்டும் எவ்வளவு?"

"அதுக்கு ஒண்ணும் கிடையாது சார். பூஜ்யம்."

"சரி. அதைக் கழிச்சுட்டு விலை சொல்லுங்க."

மறுமுனையில் கால்குலேட்டர் தட்டும் சத்தம் கேட்டது. "எண்ணூத்திப் பத்து சார்."

"ரொம்பச் சரியா கழிச்சீங்க," என்று சொல்லிவிட்டு வைத்தார். பையன் விடவில்லை. தானே திரும்பக் கூப்பிட்டு விளக்கினான்: பெரிய நிறுவனம் லட்சக்கணக்கில் செய்கிறது, இவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் செய்கிறார்கள், அந்தப் பெட்டியில் சும்மா உட்கார்ந்திருக்கும் விளம்பர மென்பொருள்களுக்கு அவற்றைச் செய்த கம்பெனிகள் வாடகை கொடுக்கின்றன, இந்தப் பெட்டியில் குடித்தனக்காரர்களே இல்லை, நினைவகமும் இதில் இரண்டு மடங்கு. தராசு எல்லாவற்றுக்கும் "உம்" கொட்டினார். மொத்தமாகச் செய்கிற பல்லுக்கும் ஒற்றையாகக் கட்டுகிற பல்லுக்கும் உள்ள வித்தியாசம் அவருக்குத் தெரியாததா? ஆனாலும் எங்கேயோ இடித்தது.

பெரிய கடைக்கும் போனார். "இதுல விண்டோஸை எடுத்துட்டா எவ்வளவு?"

"அது கூடவே வரும் சார். எடுக்க முடியாது."

"எனக்கு வேண்டாமே."

"வேண்டாம்னா பேசாம இருங்க சார், அதுவும் பேசாம இருக்கும்."

வீட்டில் சமையலறை மேடைதான் களம். உப்பு ஜாடி மலிவுக் கணினி. சர்க்கரை டப்பா லினக்ஸ். உப்பின் பக்கத்தில் ஒரு கரண்டியை வைப்பார்: கூடுதல் நினைவகம். இன்னொரு கரண்டி: வருஷா வருஷம் கட்ட வேண்டிய எழுத்து மென்பொருள் சந்தா. ஒரு மூடி: வைரஸ் தடுப்பு. காலைக்குள் உப்பு, விலையில் சர்க்கரையைத் தாண்டிவிடும். மத்தியானம் சர்க்கரையின் பக்கத்தில் அனுப்புக்கூலி, வரி, பழுதானால் திருப்பி அனுப்பும் செலவு என்று மூன்று டம்ளர்கள் வந்து சேரும். சாயங்காலம் சர்க்கரை முன்னால் நிற்கும். மனைவி தேநீர் போட வந்து சந்தாவை எடுத்துக் கலக்கிவிட்டுப் போவாள். மறுபடி முதலிலிருந்து.

"இங்க பாரு, அனுப்புக்கூலில தண்ணி ஊத்தாத!"

"திங்கக்கிழமைக்கு நாலு நாள்தான் இருக்கு. நான் இந்த உப்பு ஜாடியை வெச்சா பாடம் எடுப்பேன்?"

"அவசரப்பட்டு வாங்கிட்டு அப்புறம் வருத்தப்படக் கூடாது."

"இதுவரைக்கும் நாம எதையாவது வாங்கிட்டு வருத்தப்பட்டிருக்கமா? வாங்கினாத்தானே!"

வேலையிடத்தில் கரண்டிக்கு வழியில்லாததால்தான் தாடைகள். விலையையும் எத்தனை ஜிபி நினைவகம் என்பதையும் எழுதி, கணக்குப் பார்த்து முடித்ததும் ரப்பரால் அழித்துவிடுவார். வெள்ளிக்கிழமை மேல்தாடையை அழித்தார்; கீழ்த்தாடையை அழிப்பதற்குள் மச்சான் போன் போட்டுவிட்டான்.

அன்று மத்தியானம் ஓய்வுபெற்ற கால்பந்து நடுவர் ஒருவர் பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னறைக்குள் நேராக வந்தார். ஓய்வு பெற்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் விசில் ஊதுகிறவர். கீழ்வரிசைப் பல் போனதிலிருந்து ஊதினால் காற்று மட்டும் வருகிறது. அதனால் மூன்று வாரமாக எந்த ஆட்டமும் முடிவதில்லை.

"நாலு பல்லுக்கு இந்த விலையா? இந்தக் காசுக்கு நான் ஒரு பேண்டு செட்டே வாங்கி ஊதிருவேனே!"

வரவேற்புப் பெண் பின்னாலேயே ஓடிவந்தாள். "தராசண்ணே, நீங்க அடியில எழுதினதைத்தான் போட்டேன். ஐந்நூத்தி நாப்பது, எட்டு ஜிபி. எட்டு ஜிபின்னா ஏதோ புது மாடல் பல்லுன்னு நினைச்சேன்."

தராசு நாக்கைக் கடித்துக்கொண்டார். உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. கேட்டு முடித்ததும் நடுவர் கோபத்தை மறந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்படிப் போடு. இதுல எது தேவலாம்?"

"அதான் இடிக்குது."

"மலிவை வாங்குங்க. பந்து பந்துதான்."

சத்தம் கேட்டு மருத்துவர் கையுறையோடு வந்தார். விஷயத்தைக் கேட்டதும், "எட்டு ஜிபி பத்தாது, பதினாறா போடுங்க" என்று பல்லுக்குச் சொல்வதுபோலவே சொன்னார். விவாதம் முன்னறைக்கு நகர்ந்தது. சிகிச்சை நாற்காலியில் வாயைப் பிளந்து, கன்னத்தில் பஞ்சோடு படுத்திருந்த ஒருவர் "ஆ... ஆ..." என்று ஏதோ சொன்னார். அது லினக்ஸுக்கு ஆதரவு என்று மருத்துவர் எடுத்துக்கொண்டார். இல்லவே இல்லை என்றார் நடுவர். பஞ்சை எடுத்துக் கேட்டபோது அந்த மனிதர், "டாக்டர், மரத்துப்போனது தெளிஞ்சிருச்சு, வலிக்குது" என்றார். அத்தோடு கூட்டம் கலைந்தது. பில்லைத் திருத்திக் கொடுத்த வரவேற்புப் பெண், அந்தக் கையோடு தராசின் மனைவிக்கும் போன் போட்டாள். "அக்கா, நீங்களே கடைக்குப் போயிருங்க. இங்க ஒரு பல்லும் ஒழுங்கா நடக்கல."

சனிக்கிழமை காய்கறி வாங்கப் போனவள் திரும்பி வந்தபோது, ஒரு தோளில் காய்கறிப் பை, இன்னொரு கையில் அட்டைப்பெட்டி. தராசு மேடையில் உப்பை நகர்த்திக்கொண்டிருந்தார்.

"எது? மேல்தாடையா, கீழ்த்தாடையா?"

"ரெண்டும் இல்ல. பெரிய கடையில கடைசித் தட்டுல தூசி படிஞ்சு கிடந்துச்சு. பெரிய கம்பெனிதான், ஆனா உள்ள லினக்ஸ் போட்டே வருதாம். யாரும் கேக்கறதில்லையாம். ஆன் பண்ணச் சொன்னேன், தும்மல் போடறதுக்குள்ள வந்துருச்சு. எடுத்துட்டேன்."

தராசு மேடையைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவதாக ஒன்று! பெரிய நிறுவனத்தின் மலிவுப் பெட்டி, அதற்குள் சும்மா கிடைக்கிற லினக்ஸ். இதற்கு எந்த ஜாடியும் இல்லை, எந்தத் தாடையும் இல்லை.

"எவ்வளவு?"

"சொல்ல மாட்டேன்."

பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். விலைச்சீட்டு இருந்த இடத்தை அவள் நகத்தால் சுரண்டியிருந்தாள். உருப்பெருக்கியைப் போட்டுக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு பூஜ்யம் தெரிந்தது. அது முதல் பூஜ்யமா, கடைசிப் பூஜ்யமா என்று சொல்ல முடியவில்லை. ஏற்கனவே ஒரு பூஜ்யத்தோடு பட்டபாடு போதாதா?

"மேலயா கீழயா, அதை மட்டும் சொல்லு."

"பக்கத்துல."

"திருட்டுப் போனா போலீஸ்ல விலை கேப்பாங்க."

"திருடனையே கேட்டுக்கச் சொல்லுங்க. விலை தெரிஞ்சா அப்புறம் நீங்க இதைத் திருப்பிக் கொடுத்துட்டு வேற பாக்கலாம்பீங்க. என் வேலை முக்கியம்."

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு ரகசியமாகப் போன் போட்டார். "அது ஒண்ணுதான் இருந்துச்சு சார், எங்க பட்டியல்லயே இப்ப இல்ல. வித்துப்போன சாமானுக்கு எப்படி விலை சொல்றது?" என்றார்கள். அன்று இரவு சாப்பிடும்போது உப்பு குறைவு என்று சொல்ல வாயெடுத்து, ஜாடியைப் பார்த்து, சொல்லாமலே விட்டார்.

திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டார், உதவிக்காம். காலையிலேயே அவள் மேசையைத் துடைத்தார், நாற்காலிக்குக் கீழே அட்டை மடித்துவைத்து ஆட்டத்தை நிறுத்தினார், பழைய கணினியையும் ஒரு முன்ஜாக்கிரதைக்காக ஆன் செய்துவைத்தார். அது சுற்றிக்கொண்டே இருந்தது. நேரம் நெருங்க நெருங்க அவர் முகம்தான் வெளுத்தது. கேமரா வேலை செய்யாவிட்டால்? சத்தம் கேட்காவிட்டால்? மச்சானைப் போனில் தயாராக நிறுத்திவைத்திருந்தார். அவள் புதுக் கணினியைத் திறந்தாள். பொத்தானை அமுக்கினாள். திரையில் வரிசையாகப் பிள்ளைகளின் முகங்கள் வந்தன. ஓரத்தில் பள்ளி நடத்தும் அம்மாவும் இருந்தார். "ரொம்பத் தெளிவா தெரியறீங்க டீச்சர்," என்றார் அந்த அம்மா. வாசலில் நின்ற தராசு மச்சானிடம், "வெச்சுரு, நடக்குது" என்று கிசுகிசுத்தார். கண்ணில் ஏதோ விழுந்ததுபோல் துடைத்துக்கொண்டார். பிளாஸ்டர் தூசியாக இருக்கலாம்.

உள்ளே அவள் குரல் கணீரென்று கேட்டது. "இன்னிக்கு சதவீதம். கவனிங்க. ஒரு அம்மா கடைக்குப் போய் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினாங்க. பன்னிரண்டு சதவீதம் தள்ளுபடி. அதோட உண்மையான விலை என்னன்னா..."

தராசு மூச்சை அடக்கிக்கொண்டு ஓர் அடி முன்னால் வைத்தார். அவள் திரையிலிருந்து பார்வையை எடுக்காமல், பேச்சை மட்டும் நிறுத்தி, மேசைக்கடியில் இடது காலை நீட்டிக் கதவைத் தள்ளினாள். கதவு அவர் மூக்குக்கு முன்னால் சாத்திக்கொண்டது.

அவர் ஓசையில்லாமல் சமையலறைக்குப் போனார். மேடையில் அனுப்புக்கூலியாக நின்ற டம்ளரை எடுத்து, அதிலிருந்த தண்ணீரை மடமடவென்று குடித்தார். திரும்பி வந்து, காலி டம்ளரைக் கதவில் கவிழ்த்து அதன்மேல் காதை வைத்தார்.