சோபாவுக்குள் கிடந்த கொலுசு

ஜெபமணி அண்ணாச்சி இறந்த செய்தி செவ்வாய்க்கிழமை காலை மும்பையில் எங்கள் செம்பூர் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் வந்தது. கூப்பிய கைகள் வரிசையாக விழுந்தன. 'தங்கமான மனிதர்' என்று முதலில் எழுதியவர் மூன்றாம் மாடிக்காரர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணாச்சியை அறிந்த உங்களுக்கும் வந்திருக்க வேண்டும்.

அண்ணாச்சி கால்நடை மருத்துவமனையில் முப்பது வருடம் நாய்களுக்குக் கட்டுப்போட்டவர். போன வருடம் அதே மூன்றாம் மாடி வீட்டில் குழந்தையின் வெள்ளிக் கொலுசு ஒன்று காணாமல் போனது. தாராவியிலிருந்து வேலைக்கு வரும் லட்சுமியின் பையை வாசல் கேட் அருகில் எல்லோரும் பார்க்கக் கொட்டினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் நான்கு வீடுகள் அவளை வேலையிலிருந்து நிறுத்தின. அதில் என் வீடும் ஒன்று.

இரண்டு நாள் கழித்து, அந்த வீட்டு நாய் சீசருக்குக் காலில் புண் என்று அண்ணாச்சியைக் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போயிருந்தேன். மண்ணைத் தள்ளி மூடுவதுபோல் சீசர் சோபாவின் மூலையை மூக்கால் தள்ளிக்கொண்டே இருந்தது. அண்ணாச்சி குனிந்து, சோபாவின் கிழிந்த அடித்துணிக்குள் கைவிட்டார். பாதி பிஸ்கட், குழந்தையின் சாக்ஸ், கடைசியில் கொலுசு.

"பசிக் காலத்துல மிஞ்சுனதப் பொதச்சு வச்சுப் பொழச்ச சாதி இது. வயிறு நெறஞ்சாலும் அந்தப் புத்தி போகாது. பிரியமான ஆளு வாடை அடிச்சா இன்னும் பத்திரமா ஒளிக்கும். இதுக்குக் களவுன்னா என்னன்னே தெரியாது" என்றார்.

"கெடச்சிடுச்சுல்ல அங்கிள், விடுங்க" என்றார் வீட்டுக்காரர்.

"எப்படிவே விட? அந்தப் புள்ள பையக் கொட்டுன எடத்துலயே நின்னு மன்னிப்புக் கேளும்."

வீட்டுக்காரர் மன்னிப்புக் கேட்கவில்லை. லட்சுமி குற்றமற்றவள் என்று நோட்டீஸ் போர்டில் போடச் சொன்னார் அண்ணாச்சி. சொசைட்டியின் பெயர் கெடும் என்றது கமிட்டி. நடந்ததைத் தமிழிலும் இந்தியிலும் தன் கையால் எழுதி லிஃப்ட் கதவில் ஒட்டினார். கிழித்தார்கள். மறுநாளும் ஒட்டினார். "கிழிக்கட்டும். கோந்து நெறைய இருக்கு" என்றார். சுவரை அசிங்கப்படுத்துவதாக அவருக்கே நோட்டீஸ் அனுப்பினார்கள்.

கமிட்டிக் கூட்டத்தில் அவர் என் பக்கம் திரும்பி, "கூட இருந்தீங்கல்லம்மா, சொல்லுங்க" என்றார். நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மேல்தான் இன்று எனக்கு ஆத்திரம் அதிகம்.

அடக்கத்துக்கு லட்சுமி வந்திருந்தாள். அவளருகில் போய், "தப்பு பண்ணிட்டேன் லட்சுமி" என்றேன். அவள் என் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை.

"நான் அவருக்காக வந்தேங்க்கா. ஒங்க யாரையும் பாக்க வரல."

அவள் சொன்னது சரி. அண்ணாச்சியின் பொறுமையையும் அன்பையும் நீங்கள் இரங்கல் மேடையில் பேசி எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய கோபத்தை நான் வைத்துக்கொள்கிறேன். எனக்கு அது புதிது. பழகிக்கொள்வேன்.