ஆசிட் இல்லாத அறையில் அண்ணன் முகம்

நார்வேயின் பெர்கன் நகரத்தில் வெயிலைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார்கள். வானம் தராததால் மனிதர்களே செய்துகொண்ட ஏற்பாடு. நான் வாரம் ஒருநாள் போகும் அச்சுக்கூடத்தில், ஒளி பட்டால் இறுகும் பிலிமைச் செப்புத் தகட்டில் ஒட்டி, படம் பதித்த கண்ணாடித்தாளை மேலே பரப்பி, பெட்டியில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் இரண்டு நிமிடச் சித்திரை. காஞ்சிபுரத்தில் பிறந்தவன் வெயிலுக்குப் பொத்தான் அழுத்துகிறான் என்றால் ஊரில் சிரிப்பார்கள்.

"இங்கே விஷமே கிடையாது. ஆசிட் இல்லை, புகை இல்லை" என்றார் சொல்லிக்கொடுக்கும் இங்க்ரிட். வெளிச்சம் படாத இடம் சலவைச் சோடாத் தண்ணீரில் கரைந்து பள்ளமாகும். மை அந்தப் பள்ளத்தில் தங்கும். அவ்வளவுதான். எங்கள் குடும்பம் பட்டுக்குச் சாயம் போடுவது, ஆசிட் ஆவியில் அண்ணனின் நுரையீரல் போய்விட்டது என்றேன். "பட்டா! எவ்வளவு அழகு!" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. என் நார்வே மொழியில் துக்கத்துக்கான சொற்கள் இன்னும் வந்து சேரவில்லை.

அண்ணன் சின்ன காஞ்சிபுரத்தில் மூக்கில் குழாயோடு படுத்திருந்தான். டாக்டர் கெடுவை வாரக்கணக்கில்தான் சொன்னார். நார்வேயில் தங்க எனக்கிருந்த அனுமதி புதுப்பிப்பில் கிடந்தது. ஊருக்குப் போகலாம், திரும்பி வர முடியாது. போகவில்லை. பதிலாக அவன் முகத்தை அச்செடுத்து அனுப்ப முடிவு செய்தேன். கோழைகளுக்குக் கலை கைகொடுக்கும்.

சோடாவைப் பச்சைத் தண்ணீரில் கரைக்க வேண்டும். நானோ கெட்டிலைத் தேடினேன். எங்கள் பட்டறையில் கச்சாப் பட்டின் பிசின் போகச் சோடா போட்டுக் கொதிக்க வைப்போம். சோடா என்றாலே என் கைக்கு அடுப்பு ஞாபகம். ஆவி பறக்கும் தட்டில் தகட்டை இறக்கியதும் பிலிம் முழுதாகக் கழன்று பாலாடைபோல் மிதந்தது. அண்ணன் முகம் சுருண்டு சுருண்டு ஓரத்தில் ஒதுங்கியது.

"கொதிக்க வச்சியா?" போனில் சிரித்தான், சிரிப்பு இருமலாயிற்று. "அது இன்னா பட்டாடா? அவ்ளோ புக்கு படிச்சிக்கினு பட்டற புத்தி போவலியே! வேற போட்டு அனுப்புடா. கண்ண மூடறதுக்குள்ள ஒரு தபா பாத்துடறேன்."

அடுத்த முறை பச்சைத் தண்ணீர்தான். ஆனால் அவசரம். அச்சில் படம் இடவலமாகப் புரளும், கண்ணாடித்தாளைத் திருப்பி வை என்று இங்க்ரிட் இரண்டு முறை சொன்னதை மறந்தேன். மை காய்ந்ததும் தபாலில் சேர்த்தேன். அண்ணனின் காரியத்தன்று அது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

"நல்லாத்தான் இருக்குது தம்பி" என்றார் அண்ணி. "மச்சம் மட்டும் இந்தப் பக்கம் வந்துடுச்சி. யாரோ ஒன்னுவிட்ட அண்ணன் மாதிரி பாக்குறாரு. பரவால்லப்பா, மாட்டிட்டோம்."

தகட்டில் மச்சம் சரியான கன்னத்தில்தான் இருக்கிறது. ஊரார் பார்த்துப் பழகிய அண்ணன் பெர்கனில், என் மேசை இழுப்பறையில் கிடக்கிறான். அங்கே சுவரில் தொங்குவது, அவன் தினமும் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்த்த முகம். அவனைத் தவிர யாரும் பார்த்திராதது. இப்போது வீட்டில் எல்லோரும் பார்க்கிறார்கள், என்னைத் தவிர.