அணையாத விளக்கு கேட்டவர்

எங்கள் வீட்டு வாசலில் முதல்முறையாக, அசைவதுபோல எரியும் கிறிஸ்துமஸ் விளக்கு அலங்காரம் வைக்க ஆசைப்பட்டு, ராமேஸ்வரத்தில் ஒரு லைட் கடைக்குப் போயிருந்தேன். மூன்று ஒட்டகங்கள் நடப்பதுபோல நிறம் மாறி, அணைந்து அணைந்து எரியும் செட் ஒன்றைக் கடைக்காரர் போட்டுக் காட்டினார். பக்கத்தில் இன்னொருவரும் நின்று பார்த்தார். வெயிலில் செம்பட்டையான தலைமுடி, கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. விளக்குகள் அணையும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டார். மறுபடி எரிந்த பிறகுதான் விட்டார்.

“அணையாம, கலரு மட்டும் மாறுற மாதிரி இருக்கா?” என்று கடைக்காரரிடம் கேட்டார்.

“அணைஞ்சு எரிஞ்சாத்தானேண்ணே ஒட்டகம் நடக்கும்?” என்று நான் சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. “கடல்ல இலங்கை ரோந்துக் கப்பல் வந்தா, படகு லைட்ட எல்லாம் அணைச்சிட்டுக் குப்புறக் கிடப்போம் சார். போன மாசம் திரும்பப் போட்டுப் பாத்தா, பக்கத்துல நின்ன என் தம்பி படகக் காணோம்.”

தம்பி வந்துவிட்டாரா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. மெதுவாக நிறம் மாறும் நட்சத்திரம் ஒன்றை வாங்கிக்கொண்டு அவர் போய்விட்டார்.

நான் ஒட்டகங்களைத்தான் வாங்கிவந்தேன். அவை அணைந்து எரியும் ஒவ்வொரு தடவையும், மூன்றும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்கிறேன்.