வாளிக்குள் துப்பாத பவானி அக்கா

போன சனிக்கிழமை மாலை நாலு இருபது. பவானி அக்கா வாளியைப் பார்த்தார். எதிரே நின்ற வெள்ளைக்காரரைப் பார்த்தார். பிறகு வாயில் இருந்ததை... விழுங்கிவிட்டார்!

என்ன வாளி, என்ன வெள்ளைக்காரர் என்கிறீர்களா? சொல்கிறேன். 

நானும் பவானி அக்காவும் சாந்தியும் கோட்-டெ-நெய்ஜ் என்கிற நகரப் பகுதியில் ஒரே கட்டடத்தில் குடியிருக்கிறோம். ஆப்பிள் பறிக்கவென்று பவானி அக்காவின் காரில் பெரிய பாலத்தைக் கடந்து, நகரத்துக்கு வெளியே ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தோம். கணவன்மார் இல்லை, பிள்ளைகள் இல்லை. காருக்குள் ஒரே கும்மாளம்!

அந்த வெள்ளைக்காரர்தான் தோட்டக்காரர். இங்கிலாந்திலிருந்து வந்து இங்கே கலியாணம் கட்டியவர். தன் ஊர் முறைப்படி மரப்பீப்பாயில் சைடர் போடுகிறார் — ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்த மது. சுவைத்துப் பார்க்க எங்களுக்கும் ஊற்றினார். நுரை இல்லை, குளிர் இல்லை, இனிப்பும் இல்லை. கலங்கலாக, சாயம் கூடிய தேநீர்போல் நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு. முதல் மிடறில் முகம் சுளித்தேன். இரண்டாவதில் லேசாக ஒரு புகைவாசம். மூன்றாவதில், இதையா வேண்டாம் என்று சொல்லப் பார்த்தேன் என்று தோன்றியது.

“கள்ளுக்குக் கோட்டு சூட்டுப் போட்டமாதிரி இருக்கு” என்றாள் சாந்தி.

கார் ஓடுகிறவர்கள் சுவைத்துவிட்டுத் துப்பலாம் என்று அவரே வாளியைக் காட்டினார். பவானி அக்காவும் தலையாட்டினார். தலையாட்டிவிட்டு, ஊற்றிய ஒவ்வொரு கிளாசையும் காலி செய்தார்.

“அக்கா, உங்களுக்கென்ன விசரே? துப்பச் சொன்னவரெல்லே!” என்றேன்.

“அந்த மனுசன் என்ர வாயையே பார்த்துக்கொண்டு நிக்குது. தான் செய்ததை ஆசையா ஊத்தித் தருது. அதின்ர முகத்துக்கு முன்னாலே துப்பிறதே? ஆரும் வீட்டுக்கு வந்து என்ர கத்தரிக்காய்க் குழம்பைத் துப்பினால் எனக்கு எப்பிடி இருக்கும்?”

சொல்லுங்கள், நம்மில் யாரால் துப்ப முடியும்?

நானும் குடித்திருந்தேன். சாந்திக்குக் கார் ஓடவே தெரியாது. போனில் தட்டிப் பார்த்தால், அந்தப் பக்கம் டாக்சியே இல்லை. என் கணவர் ஆஸ்பத்திரியில் வேலையில் நிற்கிறார். நான் யோசித்து முடிப்பதற்குள் சாந்தி என் மகளுக்குப் போன் போட்டுவிட்டாள்.

“ஆரணி, கொம்மாவின்ர காரை எடுத்துக்கொண்டு வா பிள்ளை. நாங்கள் மூண்டு பேரும் வெறியிலே நிக்கிறம்!”

ஆரணிக்குப் பத்தொன்பது வயது. லைசென்ஸ் எடுத்தது இந்த மே மாதம். பலசரக்குக் கடைக்கு அப்பால் நான் அவளை விட்டதில்லை. ஹைவே? பாலம்? அந்த ராட்சத லாரிகள்? போனைப் பறித்தேன்.

“வேண்டாம் பிள்ளை, வராதை!”

“அம்மா, சில் பண்ணுங்கோ. வெளிக்கிட்டிட்டன்.” போன் கட்.

அதன்பிறகு அந்த வாசலில் நான் பட்ட பாடு! மழை வேறு தூறியது. நான் போன் எடுத்தால், கார் ஓடும்போதே பதில் சொல்லப் பார்ப்பாள். எடுக்காவிட்டால்...? தோட்டக்காரர் பாவம், எங்கள் காரை நாளைக்கு வந்து எடுக்கலாம் என்று சொல்லி, சூடாகத் தேநீரும் தந்தார். பவானி அக்கா அதையும் மிச்சம் வைக்கவில்லை.

“ஏனடி நடுங்கிறாய்? பத்தொன்பது வயதிலே நீ தனிய பிளேன் ஏறி வந்தனி. உன்ர அம்மா விட்டவதானே?” என்றார்.

எங்கள் தாய்மார் எங்களைக் கடல் தாண்டி அனுப்பினார்கள். நாங்களோ பிள்ளைகளைப் பலசரக்குக் கடைவரை அனுப்புகிறோம். அவர்களுக்கு மட்டும் பயமில்லாமலா இருந்திருக்கும்?

தோட்டப் பாதை வளைவில் ஒரு வெளிச்சம். மெதுவாக, மிக மெதுவாக, சிக்னல் போட்டுக்கொண்டு — ஆளில்லாத பாதையிலும் சிக்னல்! — என் பழைய நீலக் கார் வந்து நின்றது. ஓடிப்போய் மகளைக் கட்டிப்பிடித்தேன். அவள் என் வாயை மணந்து பார்த்துச் சிரித்தாள். பிறகு கார்க் கதவைத் திறந்தாள்.

“அம்மா, நீங்கள் பின்னுக்கு ஏறுங்கோ. முன் சீட் பவானி அன்ரிக்கு. அவ கத்தமாட்டா.”